ஒன்பதேகால் மணி போன்

மாமனார் வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தனை பக்கம் இருந்தாலும் பார்வைக்கு உள்ளது ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் ஆறு வருடமாகப் பெரிய மாப்பிள்ளைதான் இருந்தார். மஞ்சள் தலைக்கவசம், கையில் கேடயம், சிரிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத முகம். குளிர்பதனக் கிடங்கின் சிறந்த பாதுகாப்பு அதிகாரி என்று கீழே எழுதியிருக்கும். போன கோடையில் அந்தப் படம் இடப் பக்கவாட்டுக்கு மாற்றலாகிப் போனது. அந்தப் பக்கவாட்டுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. துடைப்பம் வைக்கிற இடம்.

முன்பக்கத்துக்குக் குடிவந்தது சின்ன மாப்பிள்ளை. செய்தித்தாளில் வந்த துண்டு, லேமினேஷன் போட்டு, நான்கு மூலைக்கும் நான்கு காந்தம். பெரியவர் படத்துக்கு ஆறு வருடமும் ஒரே காந்தம்தான் இருந்தது.

சின்ன மாப்பிள்ளைக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வாசற்கதவு, வருகைப் பதிவு, போன், மூன்றும் அவர் பொறுப்பு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் படம் ஒட்டிய ஓர் அட்டை. குழந்தை உள்ளே வந்ததும் அதன் அட்டையை இடப்பக்கக் கொக்கியிலிருந்து எடுத்து வலப்பக்கக் கொக்கியில் மாட்டுவார். ஒன்பதேகால் ஆனதும் இடப்பக்கம் மிஞ்சியிருக்கும் அட்டைகளுக்கு வரிசையாகப் போன். வீட்டில் இருக்கிறது, தூங்குகிறது, ஊருக்குப் போயிருக்கிறது, என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "இப்பக் கண்ணால பாக்குறீங்களா?" எதிராளி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை போனை வைக்க மாட்டார். பெற்றவர்களுக்கு இது பெரிய தொல்லை. "அந்த ஆளு பொண்டாட்டி சாதம் வெந்துடுச்சுன்னு சொன்னாலும் இதையேதான் கேப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

போன கோடையில் ஒரு நாள், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் "குழந்தை அவ அம்மாகிட்ட இருக்கு" என்றார். அம்மா "அவர்கிட்டதான் இருக்கு" என்றாள். இருவரிடமும் சின்ன மாப்பிள்ளை அதே கேள்வியைக் கேட்டார். வங்கிக்காரர் திட்டிக்கொண்டே எழுந்து காரைப் பார்க்கப் போனார். குழந்தை பின்னிருக்கையில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. மறுநாள் செய்தித்தாளில் சின்ன மாப்பிள்ளையின் படம்.

பெரிய மாப்பிள்ளைக்கு அன்று பிடித்த வயிற்றெரிச்சல். மருந்துக்கடையில் வெள்ளைத் திரவம் வாங்கிக் குடித்துப் பார்த்தார். அந்த எரிச்சலுக்குத்தான் அந்த மருந்து, இந்த எரிச்சலுக்கு இல்லை. அடுத்த வீட்டுக்காரன் உயர்ந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். சகலை உயர்ந்தால் எந்த ஜன்னலைச் சாத்துவது? மாமனார் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனால்கூட ஃபிரிட்ஜைத்தானே திறக்கவேண்டும்.

"பதினாலு வருஷமா பாதுகாப்புத் துறையில இருக்கேன். முப்பத்தாறு பக்கத்துக்குக் கையேடு எழுதியிருக்கேன். இவன் ஒரு போன் போட்டான், அவ்வளவுதான்" என்றார் மனைவியிடம்.

"நீங்களும் போடுங்களேன். யாரு வேணாங்குறா?" என்றாள் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்ப்பதால் வீட்டில் யார் ரத்தம் கொதித்தாலும் கண்டுகொள்ள மாட்டாள்.

போன் போடுவது சகலையின் வழி. பெரிய மாப்பிள்ளை கருவி செய்தார்.

குழந்தை இருக்கைக்கு அடியில் எடையை உணரும் ஒரு தகடு. வண்டியை அணைத்ததும் பின்னிருக்கையில் எடை இருந்தால் ஒரு குரல் பேசும். அது வேறு யார் குரலாகவும் இருக்க முடியாது. "கவனிக்கவும். பின்னிருக்கையில் மழலைச் செல்வம் ஒன்று அமர்ந்துள்ளது. வாகனத்தை விட்டு அகலுமுன் அன்புகூர்ந்து…" என்று ஆரம்பித்துச் சரியாக ஐம்பது விநாடி. நடுவில் நிறுத்த ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 'சரி' என்றொரு பொத்தான்.

மாமனார் அந்த அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர். சனிக்கிழமை மாலை சங்க அரங்கத்தில் கருவியைச் செய்துகாட்ட அனுமதி கொடுத்தார். கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்து, "முன்பக்கத்துல கொஞ்சம் நெருக்கி ஒட்டினா இன்னொண்ணுக்கும் எடம் இருக்கு மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளை அந்த இடத்துக்காகவே மூச்சு விட்டார்.

இரண்டு வாரம் ஒத்திகை. கிடங்கின் தீயணைப்பு வாளிகளில் இருந்த மணலைப் பையில் கட்டினார். பன்னிரண்டு கிலோ, தன் மகளின் எடை. வாளிகள் காலியாக நின்றன. பாதுகாப்பு அதிகாரியே எடுத்ததால் யாரும் புகார் எழுதவில்லை. மணல் பையை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டி ஊரெல்லாம் சுற்றினார். மூன்று வயது மகள் அதைத் "தம்பி" என்று கூப்பிட்டாள், பிஸ்கட் ஊட்டினாள். வண்டியை அணைத்த ஒவ்வொரு முறையும் கருவி பேசியது. முதல் நாள் ஐம்பது விநாடியும் கேட்டு ரசித்தார். மூன்றாம் நாள் பாதியில் நிறுத்தினார். இரண்டாம் வாரத்தில் "கவ…" என்பதற்குள் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது. சொந்தப் பேச்சை முதல் எழுத்திலேயே வெட்டக் கற்றுக்கொண்டார். அவர் பேச்சைக் கேட்கும் மற்றவர்களுக்கு அப்படி ஒரு பொத்தான் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மனைவிக்குச் சீக்கிர முறை. ஆறு மணிக்கே கிளம்பினாள். "பாப்பாவ நீங்க காப்பகத்துல விட்டுட்டுப் போங்க. மறக்காதீங்க" என்றாள்.

"யாருகிட்ட சொல்ற?" என்றார்.

மகள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டாள். பெரிய மாப்பிள்ளை சனிக்கிழமைப் பேச்சை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிழலில்லாத இடத்தில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?" இந்த இடத்தில் ஓர் இடைவெளி விட்டுக் கூட்டத்தைப் பார்க்கவேண்டும். கூட்டத்துக்குப் பதிலாக சிக்னலைப் பார்த்தார். காப்பகத்துக்கு இடது பக்கம் திரும்பவேண்டும். தினமும் போகிற பாதை நேராகப் போயிற்று, அவரும் நேராகப் போனார்.

ஒன்பதுக்குக் கிடங்கின் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினார். "கவ…" என்றது கருவி. விரல் தன் வேலையைச் செய்தது. கோப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஒன்பதேகாலுக்கு அவர் கூட்ட அறையில் குமாஸ்தாவுக்கும் சரக்கு மேற்பார்வையாளருக்கும் அதே பேச்சைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். இடைவெளி விடும் இடத்தில் போன் அடித்தது. திரையில் 'சகலை'. வெட்டினார். மறுபடி அடித்தது.

"அண்ணே, பாப்பாவோட அட்டை இடப்பக்கமே தொங்குது."

"அப்ப வலப்பக்கம் மாட்டு."

"பாப்பா இன்னும் வரலண்ணே."

"என்னப்பா பேசுற? நான்தானே கொண்டாந்து விட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நீலக் கதவு, மகளின் தோளில் பை, குனிந்து அவளைத் தூக்கிக்கொண்ட ஆயா, எல்லாம் அப்படியே கண்ணில் நின்றது. போன மாதம் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது விட்டுவந்த காட்சியை மனம் தேதி மாற்றிக் கொடுத்திருந்தது.

"யாருகிட்ட விட்டீங்க?"

"உங்க ஆயாகிட்ட."

"ஆயா இன்னிக்கு லீவு. காலையிலேர்ந்து கதவுல நான்தான் நிக்கிறேன்." போனில் ஒரு மூச்சு கேட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவ இப்பக் கண்ணால பாக்குறீங்களா?"

"என்கிட்டயேவா?" என்று சொல்லிப் போனை வைத்தார். குமாஸ்தா சுவரைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் மனசுக்குள் அது பொறிதட்டியது. நான் கொண்டுபோய் விட்டேன். இப்போது குழந்தை அங்கே இல்லை. அப்படியானால் அவன் தொலைத்துவிட்டான். கண்ணால் பார்ப்பவன், நான்கு காந்தக்காரன், குழந்தையைத் தொலைத்துவிட்டான்.

பயம் வந்தது. வராமல் இருக்குமா, பெற்றவர் ஆயிற்றே. ஆனால் வரிசையில் அது இரண்டாவதாகத்தான் நின்றது.

காப்பகத்துக்கே போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கோப்பைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடிக்கொண்டே மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, உங்க சின்ன மாப்பிள்ளையோட லட்சணம் தெரிஞ்சுபோச்சு."

"என்ன மாப்பிள்ளை, மூச்சு வாங்குது?"

"பாப்பாவத் தொலைச்சுட்டான். நான் காலையில விட்ட குழந்தையக் காணோம்னு எனக்கே போன் பண்றான். ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டான்ல, இப்ப நீங்க கேளுங்க. பாப்பாவக் கண்ணால பாத்தியான்னு கேளுங்க."

கார்க் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்த அனல் முகத்தில் அறைந்தது. கதவு திறந்ததில் கருவி விழித்துக்கொண்டு பேச ஆரம்பித்தது. "கவனிக்கவும். பின்னிருக்கையில் மழலைச் செல்வம் ஒன்று…"

இந்தத் தடவை விரல் போகவில்லை.

முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது, சட்டை முழுக்க ஈரம். ஒரு செருப்பு காலில் இல்லை. பாதி திறந்த கண் அவரைப் பார்த்ததா இல்லையா என்று தெரியவில்லை. போன் கையிலிருந்து விழுந்தது. பின்கதவைத் திறந்து வாரைக் கழற்றப் போனார், கொக்கி சுட்டது. அந்தக் கொக்கியை எப்படிக் கழற்றுவது என்று சனிக்கிழமை பேச்சில் படத்தோடு விளக்கம் இருந்தது. கை அதைப் படித்திருக்கவில்லை. மூன்றாவது இழுப்பில்தான் வந்தது. "அன்புகூர்ந்து," என்றது அவர் குரல், "ஒருமுறை திரும்பிப் பார்த்து…"

கிடங்கு வாசல் காவல்காரர் ஓடிவந்து குழந்தையை வாங்கி நிழலில் கிடத்தினார். சட்டையைக் கழற்றினார்கள். தண்ணீரில் நனைத்த துணியைக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் பெரிய மாப்பிள்ளைக்கு ஃபிரிட்ஜ் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

பிறகு மகள் அழுதாள். நல்ல சத்தமாகவே அழுதாள்.

தரையில் கிடந்த போனிலிருந்து மாமனார் குரல் வந்துகொண்டிருந்தது. "மாப்பிள்ளை? அது பாப்பா சத்தம்தானே? யாரு தொலைச்சது மாப்பிள்ளை?"

அதை எடுத்தது சின்ன மாப்பிள்ளை. போனை வைத்த அடுத்த நிமிடமே காப்பகத்துச் சமையல்கார அம்மாவைக் கதவில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறார். "மாமா, நான்தான் பேசுறேன். பாப்பா என் முன்னாடிதான் இருக்கா. கண்ணால பாக்குறேன். டாக்டர்கிட்ட போறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். யார் தொலைத்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மருத்துவர் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மாலைவரை இங்கேயே இருக்கட்டும், பயமில்லை என்றார். "எவ்வளவு நேரம் உள்ள இருந்தா?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராந்தா பெஞ்சில் சகலைகள் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

"அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார் சின்னவர். "மாமாகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்."

பெரியவருக்கு இதுவும் எரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையும் இவனுக்கேவா?

"அந்தக் கேள்வி உனக்கு எங்க கெடச்சுது?" என்று கேட்டார், எதையாவது கேட்கவேண்டுமே என்று.

சின்னவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்ககிட்டதான். எனக்குக் கல்யாணமான புதுசுல, மாமா வீட்டுல முக்கால் மணி நேரம் பேசினீங்களே. ஏழாவது விதி. குளிரறைக் கதவைப் பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள யாரும் இல்லன்னு கண்ணால பாக்கணும், அடுத்தவன் சொன்னான்னு பூட்டக் கூடாது. எல்லாரும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் புது மாப்பிள்ளை, எந்திரிக்க முடியல."

பெரியவர் பெஞ்சில் சகலை பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பத்திரிகைக்காரர்கிட்டயும் சொன்னேன். எங்க பெரிய சகலை சொன்னதுன்னு. எடம் பத்தலன்னு வெட்டிட்டாங்களாம்."

ஒரு வருடமாக அவர் வயிறெரிந்தது தன் சொந்தச் சரக்கைப் பார்த்துத்தான். பதினாலு வருடம் அடுத்தவர்களைக் குளிரிலிருந்து காப்பாற்றிய விதி, வெயிலில் தன் மகளுக்குத் தேவைப்பட்டபோது சகலை கையில் இருந்தது. இனிமேல் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே அவருக்குப் புரியவில்லை.

மாலை மனைவி வந்தாள். பெரிய மாப்பிள்ளை சொன்னார். பொத்தானைச் சொன்னார், நேராகப் போன பாதையைச் சொன்னார், சகலை தொலைத்துவிட்டான் என்று ஓடியதையும் சொன்னார். அவள் மகளின் கையை எடுத்து, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடினீங்கள்ல" என்றாள் கடைசியில். "அவர் மேல இருந்த எரிச்சல்லதானே ஓடினீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த எரிச்சல் மட்டும் இல்லன்னா சாயங்காலம்தான் காருக்குப் போயிருப்பீங்க." அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைலேர்ந்து அந்த ஒன்பதேகால் போன் எனக்கும் வரணும். சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். பேத்தியைப் பார்த்தார், ஒரு பொம்மை கொடுத்தார். போகும்போது வாசலில் மெதுவாகச் சொன்னார்: "போன்ல உங்க சந்தோஷம் எனக்குக் கேட்டுச்சு மாப்பிள்ளை. அதுக்கப்புறம் பாப்பா அழுததும் கேட்டுச்சு. சனிக்கிழமை வேணாம்னா சொல்லுங்க. ஹாலுக்கு வெள்ளையடிக்கிறோம்னு சொல்லிடுறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்றும் இருந்தது. அந்தக் கேள்வி என்னுடையது, ஏழாவது விதி, சாட்சி என் சகலை என்று சொல்லியிருக்கலாம். சகலை எழுந்து ஆமாம் என்பார். மற்றதை அவர் சொல்லப்போவதில்லை. ஃபிரிட்ஜின் முன்பக்கம் முழுக்கக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை முழுக்கப் பெரிய மாப்பிள்ளை இந்த வழியில் பலமுறை போய்வந்தார்.

சனிக்கிழமை அரங்கத்தில் நாற்பது நாற்காலி, முப்பத்தொரு ஆள். முன்வரிசையில் மாமனார். மூன்றாம் வரிசையில் சித்தப்பா மடியில் மகள், கையில் மணல் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு. தம்பி இல்லாமல் வரமாட்டேன் என்றாளாம்.

பெரிய மாப்பிள்ளை கருவியை மேஜையில் வைத்தார். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். பிறகு இடைவெளி விட்டார். பேச்சில் இல்லாத இடைவெளி.

"இது நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். "வியாழக்கிழமையும் செஞ்சுது. நான்தான் அதை வாய மூடுன்னு அமுக்கிட்டு இறங்கிப் போனேன். பின்னாடி என் பொண்ணு இருந்தா."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் நான்கு நிமிடம் பேசினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. இரண்டு வாரம் மணலுக்கே பேசினால் எந்த மணியும் காதில் விழாது என்றார். விட்டுவிட்டேன் என்று தனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, படமே ஓடியது என்றார். "உங்களுக்கும் ஓடும். யாராவது ஒருத்தர் போன் பண்ணி, கண்ணால பாக்குறீங்களான்னு கேக்கணும். கேட்டா கோவிச்சுக்காதீங்க. எந்திரிச்சுப் போங்க."

"உங்களுக்கு யாரு போன் பண்ணது?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"என் சகலை."

கைதட்டினார்கள். சின்னவர் மடியில் குழந்தையோடு பாதி எழுந்து, "அது அண்ணன் எழுதின விதிதான்" என்றார். அதற்கும் தட்டினார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக. எவ்வளவு குறைவு என்பது பெரிய மாப்பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

ஃபிரிட்ஜில் மாற்றம் ஒன்றும் இல்லை. மாமனார் துடைப்பத்தை மட்டும் வேறு இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை முதல் மகளைப் பெரிய மாப்பிள்ளையே காப்பகத்தில் விட்டார். அட்டையைத் தன் கையால் வலப்பக்கம் மாட்டினார். மாட்டிய பிறகும் போக மனமில்லாமல் ஒன்பதேகால்வரை கதவோரம் நின்றார். இடப்பக்கம் ஒரே ஓர் அட்டை மிச்சம். சின்னவர் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு தகப்பன். பையன் வீட்டில் அம்மாவோடு இருக்கிறான், தனக்குத் தெரியாதா, வேலை நேரத்தில் இது என்ன தொல்லை என்று கத்தியது வெளியே கேட்டது.

"இல்ல சார், இப்பக் கண்ணால…" என்று சின்னவர் மூன்றாம் தடவை ஆரம்பித்தார்.

பெரிய மாப்பிள்ளை கையை நீட்டினார். சின்னவர் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

"சார், பாதுகாப்பு அதிகாரி பேசுறேன்" என்றார். அறிக்கை வாசிக்கிற அதே குரல், கிடங்கில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிற குரல். "கீழ போய் உங்க காரோட பின்கதவைத் திறந்து பாருங்க. பாத்துட்டு வந்து வீட்டுக்குப் போன் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கத்தல் நின்றது. படியில் இறங்கும் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. காரில் யாரும் இல்லை, பையன் வீட்டில்தான் இருக்கிறான், சளி, அம்மா மடியில் படுத்திருக்கிறான், அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெரிய மாப்பிள்ளை போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க குரலுக்கு ஒரே தடவைல போயிட்டாருண்ணே" என்றார் சின்னவர், போனைத் துடைத்துக்கொண்டே. "இவர் மட்டும் நான் எப்பப் போன் போட்டாலும் பத்து நிமிஷம் திட்டுவாரு. எனக்கு அப்படி ஒரு குரல் வரவே மாட்டேங்குது."

அந்தப் பேச்சில் ஒரு சொட்டுப் பொறாமை இருந்தது. ஒரே சொட்டுதான், ஆனால் கலப்படமில்லாதது. பெரிய மாப்பிள்ளைக்கு அந்தச் சரக்கின் தரம் பார்க்கத் தெரியாதா என்ன? காரில் ஏறுமுன் பின்கதவைத் திறந்து, காலி இருக்கையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தச் சொட்டை நாள் முழுக்க நாக்கிலேயே வைத்திருந்தார்.